கடுகளவு விசுவாசம்: அதன் வல்லமை எங்கிருந்து வருகிறது?

என் பெரியம்மா நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில், அவருக்காக ஜெபிக்க ஒருவர் வந்தார். உருக்கமாகத்தான் ஜெபித்தார். புறப்படும்போது வாசலில் நின்று, "அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் விசுவாசம் வேணும். இருந்திருந்தா இதுக்குள்ள எழுந்து உக்காந்திருப்பாங்க" என்றார். மெல்லிய குரல்தான், ஆனாலும் கட்டிலில் கிடந்தவர் காதில் விழுந்துவிட்டது. அன்று இரவு தண்ணீர் கொடுக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா கேட்டார்: "எனக்கு விசுவாசம் பத்தலையாப்பா?"

வாழ்நாள் முழுக்க விடியற்காலையில் முழங்காலில் நின்றவர் அவர். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே பொறுமையாக எழுதப் பார்க்கிறேன். "விசுவாசத்தின் வல்லமை" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று நிதானமாகப் பேசுவது குறைவு. அதனால் பலருடைய மனதில் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. நினைத்தது நடக்கும் என்று அழுத்தி நினைப்பதும், நல்லதே எண்ணினால் நல்லதே நடக்கும் என்கிற பாசிட்டிவ் திங்கிங்கும், சந்தேகம் எட்டிப்பார்த்தால் பலன் பாழாகிவிடும் என்ற பயமும் விசுவாசத்தின் பெயரில் உலவுகின்றன. வேதம், அதாவது பைபிள், சொல்லும் விசுவாசம் இவற்றில் எதுவும் இல்லை.

மழை வரும் என்று நம்புவதும், ஒருவரை நம்பிப் போவதும்

தமிழில் "நம்பு" என்ற சொல்லை இரண்டு விதமாகச் சொல்கிறோம். "சாயங்காலம் மழை வரும்னு நம்புறேன்" என்பது ஒன்று. "உன்னை நம்பித்தான் வந்திருக்கேன்" என்பது இன்னொன்று. முதலாவது ஒரு தகவலைப் பற்றிய கணிப்பு. மழை வராவிட்டால் கணிப்பு தப்பு, அதோடு முடிந்தது. இரண்டாவதில் ஓர் ஆள் இருக்கிறார். சொல்பவர் ஏற்கெனவே கிளம்பி வந்துவிட்டார். தன்னுடைய பாரத்தை மற்றவர் மேல் வைத்துவிட்டார்.

கிறிஸ்தவ போதனையில் விசுவாசம் என்பது இந்த இரண்டாவது வகை. "எனக்கு இன்னது நடக்கும் என்று" நம்புவது அதன் மையம் அல்ல. "இன்னாரை" நம்புவதுதான் மையம். ஆதிச் சபையின் அப்போஸ்தலர் பவுல், தன் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்குச் சிறையிலிருந்து எழுதிய இரண்டாம் நிருபத்தில் (கடிதத்தில்), "நான் விசுவாசித்திருக்கிறவர் இன்னார் என்று அறிவேன்" என்கிறார். என்ன நடக்கும் என்பதை அறிவேன் என்று அவர் எழுதவில்லை. எழுதும்போது அவருக்கு முன்னால் இருந்தது விடுதலை அல்ல, மரணம். அதையும் அதே நிருபத்தில் ஒளிக்காமல் சொல்கிறார்.

விசுவாசம் என்ற சொல்

பேச்சுத் தமிழில் விசுவாசம் என்றால் நன்றி மறவாமை, காட்டிக்கொடுக்காமை. "விசுவாசமான ஆள்" என்று யாரைச் சொல்கிறோம்? நமக்காக நிற்பவரை. இந்தப் பொருள் புதிய ஏற்பாட்டுக்கு அந்நியமே அல்ல. அங்கே விசுவாசம் என்று மொழிபெயர்க்கப்படும் கிரேக்கச் சொல் பிஸ்டிஸ். நம்புவது, நம்பத்தக்கவராக இருப்பது என இரண்டு பக்கமும் அந்த ஒரே சொல்லில் உண்டு.

பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல் எமூனா. இந்தச் சொல் யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் வரும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசே குன்றின்மேல் கைகளை உயர்த்தி நிற்கிறார். நேரம் ஆக ஆகக் கைகள் அசந்துபோகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைக்கிறார்கள். ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் கைகளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சூரியன் மறையும்வரை அவர் கைகள் "ஒரே நிலையாய்" இருந்தன என்கிறது வேதம். அந்த "ஒரே நிலை"தான் எமூனா. தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான் என்ற ஆபகூக் தீர்க்கதரிசியின் புகழ்பெற்ற வசனத்தில் உள்ளதும் இதே சொல். நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ஆமென்கூட அந்த வேரில் பிறந்ததுதான்.

கவனியுங்கள், மோசேயின் கைகள் நிலையாக நின்றது அவருடைய தோள் பலத்தால் அல்ல. கைகள் அசந்துவிட்டன என்று வேதமே சொல்லிவிட்டது. தாங்கப்பட்டதால் நிலைத்தன.

சுருக்கமாக இதுவரை: விசுவாசம் எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பு அல்ல. ஒருவர்மேல் சாய்ந்து நிலைத்திருப்பது. சாய்வதற்குத் தனி பலம் தேவையில்லை.

தண்ணீரில் மல்லாந்து படுப்பது போல

நீச்சல் தெரியாத ஒருவரை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, "மல்லாந்து படுங்க, தண்ணி தாங்கும்" என்று சொல்லிப் பாருங்கள். தண்ணீர் உடலைத் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் நாலு பேர் மிதப்பதைப் பார்க்கிறார், ஆகவே உண்மைதான் என்று ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் கால் தரையை விடாது. கழுத்து விறைத்திருக்கும். தலையைப் பின்னால் சாய்த்து, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்கும் அந்த ஒரு நொடி வரை அவர் தண்ணீரை நம்பவில்லை.

பழைய இறையியலாளர்கள் விசுவாசத்தில் மூன்று அடுக்குகளைக் காட்டினார்கள். அறிவது, ஒப்புக்கொள்வது, சார்ந்திருப்பது. மூன்றாவது வரும்போதுதான் முதல் இரண்டும் விசுவாசம் ஆகின்றன. புதிய ஏற்பாட்டில் ஒரு நிருபம் எழுதிய யாக்கோபு இதைச் சற்றுக் காட்டமாகவே சொல்கிறார்: பிசாசுகளும் விசுவாசிக்கின்றன, நடுங்குகின்றன. அவற்றுக்குத் தகவலில் குறை இல்லை. சாய்தல்தான் இல்லை.

இப்போது நம் தலைப்பின் கேள்விக்கு வருவோம். மிதப்பவரை மிதக்கவைப்பது எது? அவருடைய தைரியமா, தண்ணீரா? தைரியசாலிக்குத் தண்ணீர் கூடுதலாகத் தாங்குவதில்லை. நடுங்கிக்கொண்டே படுத்தவருக்குக் குறைவாகத் தாங்குவதும் இல்லை. அவர் படுத்தாரா என்பது மட்டும்தான் விஷயம். வல்லமை தண்ணீரில் இருக்கிறது. விசுவாசம் என்பது அதன்மேல் படுப்பது.

இந்த உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் ஒரு பொருள். அதற்கு விருப்பம் கிடையாது. படுத்தால் தாங்கியே ஆகும். தேவன் அப்படி ஒரு விதி அல்ல, ஓர் ஆள்தத்துவம். அவர் "ஆம்" சொல்லலாம், "இல்லை" சொல்லலாம், "பொறு" என்றும் சொல்லலாம். விசுவாசத்தை ஒரு விசைபோலப் பாவித்து, அழுத்தினால் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இடறுவது இங்கேதான்.

கடுகின் கணக்கு

"கடுகுவிதையளவு விசுவாசம் உங்களுக்கு இருந்தால்" இந்த மலையை அப்புறம் போ என்று சொல்ல அது போகும் என்றார் இயேசு. இதைக் கேட்டதும் பலர் மலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அழுத்தம் கடுகில் இருக்கிறது. சீஷர்கள் ஒருமுறை, எங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யும் என்று கேட்டபோதும் அவர் இதே கடுகைத்தான் காட்டினார். அவர்கள் அளவைக் கேட்டார்கள். அவர் அந்தக் காலத்து மக்கள் மிகச் சிறியது என்று அறிந்திருந்த விதையைக் காட்டினார். அளவு போதவில்லை என்பது உங்கள் பிரச்சினை அல்ல என்பதுதான் பதில். கடுகளவே போதும் என்று சொன்னவரின் பெயரால் நோயாளியிடம் போய் "இன்னும் கொஞ்சம் வேணும்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இரண்டு சம்பவங்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நாயீனூரில் ஒரு விதவையின் ஒரே மகனைப் பாடையில் தூக்கிப் போகிறார்கள். இயேசு எழுப்புகிறார். அவள் எதுவும் கேட்கவில்லை, அவளுடைய விசுவாசத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை. பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் வியாதியாய்க் கிடந்தவர் குணமானார். தன்னைக் குணமாக்கியவர் இன்னாரென்றுகூட அப்போது அவருக்குத் தெரியாது. விசுவாசம்தான் அற்புதத்தின் எரிபொருள் என்றால் இந்த இரண்டும் நடந்திருக்கவே கூடாது.

"அப்படியானால், உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று பெரும்பாடுள்ள (ஓயாத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீயிடம் அவரே சொன்னாரே?" என்று கேட்கலாம். சொன்னார். 12 வருடம் வைத்தியத்துக்குக் கையிலிருந்ததை எல்லாம் செலவழித்துக் களைத்தவள் அவள். கூட்டத்தில் பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொட்டாள். அன்று அவரை நெருக்கித் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். நம்பித் தொட்டவள் அவள் ஒருத்தி. இயேசுவின் வரலாற்றை எழுதிய மாற்கு சொல்லியிருப்பதைப் பாருங்கள்: அவரிடமிருந்து வல்லமை புறப்பட்டது. கையிலிருந்து அல்ல, அவரிடமிருந்து. விசுவாசம் நீட்டிய கை. அது இல்லாமல் பெற முடியாத நன்மைகள் உண்டு என்பதும் உண்மை. நாசரேத்தில் மக்களின் அவிசுவாசத்தைக் கண்டு இயேசு ஆச்சரியப்பட்டார். அங்கே கைகள் நீளவே இல்லை.

முகமூடி இல்லாத விசுவாசம்

உண்மையான விசுவாசத்துக்குப் பவுல் ஓர் அடைமொழி வைத்திருக்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டு நிருபங்களிலும் அது வருகிறது: "மாயமற்ற விசுவாசம்". திருவிவிலியம் என்ற இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பில் "வெளிவேடமற்ற நம்பிக்கை". வேடம் என்ற சொல் இங்கே மிகப் பொருத்தம். ஏனென்றால் மூலச் சொல் நாடக மேடையோடு தொடர்புடையது. கிரேக்கத்தில் முகமூடி போட்டு நடிக்கும் நடிகருக்கு ஹிப்போக்ரிடெஸ் என்று பெயர். மாயக்காரர் என்று நாம் வேதத்தில் வாசிப்பது அந்தச் சொல்லைத்தான். அதற்கு எதிர்மறைதான் பவுலின் அடைமொழி: நடிப்பு இல்லாதது.

எனவே மாயமற்ற விசுவாசம் என்றால் சந்தேகமே இல்லாத விசுவாசம் அல்ல. சந்தேகத்தை மறைக்காத விசுவாசம். இந்த வித்தியாசம் புரியாததால் எத்தனை நல்ல மனிதர்கள் சபையில் ஒரு முகமும் படுக்கையறையில் ஒரு முகமுமாக வாழ்கிறார்கள்! உள்ளே பயம், வெளியே "ஸ்தோத்திரம், எல்லாம் நன்மையே". அப்படி நடிக்க வைத்தது அவர்களுடைய குற்றம் அல்ல. பயத்தைச் சொன்னால் விசுவாசம் குறைவு என்பார்களோ என்ற நம்முடைய சூழல்தான்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்குச் சிறுவயது முதலே வலிப்பு போன்ற உபத்திரவம். எத்தனையோ முறை தீயிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான். சீஷர்களிடம் கொண்டுவந்தார், அவர்களால் முடியவில்லை. அந்தச் சலிப்போடுதான் இயேசுவிடம் பேசுகிறார்: உம்மால் ஏதாவது செய்யக்கூடுமானால். அந்த "ஆனால்" அவருடைய வாயில் தானாக வந்துவிடுகிறது. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னதும், அவர் கண்ணீரோடே சத்தமிடுகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

ஒரே மூச்சில் இரண்டும் வருகின்றன. விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம். இயேசு அவரை, போய் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. பையனைக் கைப்பிடித்துத் தூக்கிவிட்டார். மத்தேயுவும் இதே சம்பவத்தை எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் இந்தச் சம்பவத்தின் முடிவில்தான் கடுகுவிதையைப் பற்றிய வார்த்தை வருகிறது. ஆக, கடுகளவு விசுவாசம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அந்தத் தகப்பனின் முகத்தைப் பார்த்தால் போதும்.

மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுவோம். வல்லமை நம்பப்படுகிறவரிடம் இருக்கிறது. நம்புகிறவரிடம் கேட்கப்படுவது அளவு அல்ல, வேடம் கலைந்த முகம். இடிந்துபோன மனதோடு வருகிற ஒருவரும் அதைக் கொடுக்க முடியும்.

கிரியை எங்கே வருகிறது?

விசுவாசமா கிரியையா என்ற சண்டை பெரியது. கிரியை என்றால் செயல், நடைமுறை வாழ்க்கை. ஜெர்மானியத் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1517இல் தொடங்கிவைத்த விவாதத்தின் நடுநாடி இதுதான். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று எழுதிய யாக்கோபின் நிருபத்தை அவர் வைக்கோல் நிருபம் என்றே சொன்னார். ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்தப் பொருளில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. தேவன் நம்மை ஏற்றுக்கொள்வது நம் தகுதியால் அல்ல, கிருபையால்; அந்தக் கிருபை நம்மை நற்கிரியைகளுக்குப் புறப்படச் செய்கிறது என்பது அதன் சாரம். கிருபை என்றால் சம்பாதிக்காமல் கிடைப்பது. இதற்கு மேல் நுணுக்கங்கள் உண்டு, தொடங்குகிறவருக்கு அவை வேண்டாம்.

"அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதில் இரு பக்கமும் சேர்ந்துவிடுகிறது. மலையைப் பெயர்க்கும் விசுவாசம் இருந்தும் அன்பு இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். நோயாளியின் வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் வாசல் படியில் காலை வைக்குமுன் அதை ஒருமுறை வாசிக்கலாம்.

கேட்டது கிடைக்காதபோது

எபிரெயர் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல் என்று பெயர் பெற்றது. அதில் ஒரு விஷயம் பிரசங்கங்களில் அதிகம் வருவதில்லை. விசுவாசத்தினாலே சிலர் பட்டயக் கருக்குக்கு, அதாவது வாளின் கூர்மைக்கு, தப்பினார்கள் என்று 34ஆம் வசனம் சொல்கிறது. மூன்றே வசனம் தள்ளி, வேறு சிலர் பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தார்கள் என்கிறது. அதே பட்டயம், அதே விசுவாசம், இரண்டு முடிவு. இரு சாராரும் ஒரே பட்டியலில், ஒரே மரியாதையோடு இருக்கிறார்கள். தப்பியவர்களுக்கு விசுவாசம் கூட என்றோ, வெட்டுண்டவர்களுக்குக் குறைவு என்றோ ஒரு வார்த்தையும் இல்லை.

ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் ராஜாவிடம் சொன்னதும் இதுதான். எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர். விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம். "விடுவிக்காமற்போனாலும்" என்பது அவர்களுடைய விசுவாசத்தில் விழுந்த ஓட்டை அல்ல. அதுதான் அதன் உச்சி. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, இந்தப் பாத்திரம் (வரப்போகும் பாடுகள்) என்னைவிட்டு நீங்கட்டும், ஆனாலும் உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் என்றுதான் ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார். முள் இருந்தது. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது.

மாயமற்ற விசுவாசமுள்ளவன் என்று பவுல் பாராட்டிய தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். வயிற்றுக் கோளாறும் உண்டு. "இன்னும் கொஞ்சம் விசுவாசி" என்று பவுல் எழுதவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று, அந்தக் காலத்தில் தெரிந்த கைவைத்தியத்தைச் சொன்னார். துரோப்பீமு என்ற உடன் ஊழியரை வியாதியாய் மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தேன் என்றும் எழுதுகிறார். மருந்து சாப்பிடுவதும் மருத்துவரிடம் போவதும் விசுவாசத்துக்கு எதிரி என்று யாராவது சொன்னால், இந்த நிருபங்களை எடுத்துக் காட்டுங்கள்.

நம் காலத்துக்கு அருகே அன்னை தெரசா. அவர் மறைந்தது 1997இல். பத்து ஆண்டு கழித்து 2007இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியானபோது உலகம் திகைத்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு, தேவன் அருகில் இருக்கிறார் என்ற உணர்வே இல்லாமல் உள்ளே இருட்டாகவே இருந்திருக்கிறது. ஆனாலும் விடியற்காலை எழுந்து ஜெபித்தார், கொல்கத்தாவில் சாகக் கிடந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தார். உணர்ச்சி பொங்குவதுதான் விசுவாசம் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கடிதங்கள் கடினமாக இருக்கும். எமூனா என்ற சொல் தெரிந்தவர்களுக்கு அது பழக்கமான காட்சி: அசந்துபோன கைகள், ஆனாலும் ஒரே நிலை.

எப்படி வளர்கிறது?

பல்லைக் கடித்து முயன்றால் விசுவாசம் வளராது. ஒருவரைப் பற்றிக் கேட்கக் கேட்க, பழகப் பழக அவர்மேல் நம்பிக்கை தானாகவே வளர்வதுபோலத்தான் இதுவும். விசுவாசம் கேள்வியினால் வரும் என்கிறார் பவுல். கேள்வி என்றால் இங்கே கேட்பது. வசனத்தைக் கேட்பது.

தனியாகவும் வளர்வதில்லை. திமிர்வாதக்காரனை, அதாவது உடல் முடங்கிக் கிடந்த ஒருவனை, நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடப்பவருக்கு நம்பத் தெம்பில்லாத நாட்களில் மற்றவர்கள் படுக்கையின் நாலு மூலையைப் பிடிக்கலாம். தீமோத்தேயுவின் விசுவாசமும் அவன் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் குடியிருந்தது.

பெரியம்மா கேட்ட கேள்விக்கு நான் கடைசியில் செய்தது இவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் கட்டிலருகே உட்கார்ந்து இரண்டாம் தீமோத்தேயுவை வாசித்தேன். நாலே அதிகாரம். முடிவில், எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள், கர்த்தரோ எனக்குத் துணையாக நின்றார் என்று எழுதுகிற பவுல், துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர் என்றும் கேட்கிறார். பெரியம்மா கண்ணைத் திறந்தார்.

"குளிருது போல அவருக்கு. அங்கி வந்து சேந்துச்சா?"

"அது எழுதியில்ல பெரியம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடச் சொல்லிவிட்டு, "முதல்லேருந்து வாசி" என்றார். வாசித்தேன். ஐந்தாம் வசனத்தில் லோவிசாள் பெயர் வந்தபோது அவர் உதடுகளும் கூடவே அசைந்தன.